உப்புக்காற்றில் ஓர் அழகான வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டு அலங்காரம் என்று கண்ணில் படுகிற படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு அடுக்குமாடி வீடுகளை வைத்து எடுத்தவை. அவற்றைப் பார்த்து அப்படியே பாம்பனிலோ கீழக்கரையிலோ செய்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும், நம் ஊர் வீடுகளில் எது நின்றது, எது போனது என்று பார்த்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

வீட்டை அழகுபடுத்த வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

காற்றிலிருந்து. சோபா, திரை, பெயின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம் கரைக்கு இரண்டு கடல். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை, அதாவது வடகடல். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை அப்படியே தலைகீழ். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் உண்டு.

வீட்டில் எந்தச் சுவர் அடி வாங்குகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். தேவிபட்டினத்தில் வடக்கு, கிழக்குச் சுவர்கள். ஏர்வாடியில் தெற்கு, மேற்குச் சுவர்கள். சந்தேகமாக இருந்தால் ஜன்னல் கண்ணாடியை இரவு துடைத்து வையுங்கள், காலையில் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு அதிகமாக இருக்கும் பக்கம்தான் உப்பு வரும் பக்கம். டிவி, பீரோ, புத்தக அலமாரி, சாமி படம், கல்யாண ஆல்பம் எதையும் அந்தப் பக்க ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். அங்கே நார்க்கட்டில், மண்பானை, கழுவக்கூடிய பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை இருக்கட்டும். சாமான்களை இப்படி இடம் மாற்றினாலே வீடு பாதி ஒழுங்காகிவிடும். காசு ஒன்றும் செலவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டுத்தான் வாங்கினோம். அதுவும் துருப்பிடிக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு கிடையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல ரகம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கைப்பிடி, டவல் கம்பி, மாடிப்படிக் குழாய் எல்லாம் பெரும்பாலும் 202 ரகம். அதில் நிக்கல் குறைவு. 304 அதைவிட நல்லது. அதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். ஆனால் கடல் உப்பில் உள்ள குளோரைடு 304-ஐயும் ஊசி குத்தியது போல் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். அதுதான் உப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

"காந்தம் ஒட்டவில்லை பாருங்க, சுத்தமான ஸ்டீல்" என்று கடையில் காட்டுவார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் 316-ல் வாங்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை. வெளி வாசல், மொட்டை மாடி, கடல் பக்க ஜன்னல் ஆகிய மூன்றுக்கு மட்டும் வாங்கினால் போதும். உள்ளே 304. அதைவிட முக்கியமானது ஆணியும் திருகும். நூறு நாள் உழைத்துச் செய்த தேக்கு அலமாரி, கீலில் போட்ட இரும்புத் திருகால் தொங்கிப் போகும். திருகின் தலை ஊதி, பழுப்பு நீர் மரத்தில் கண்ணீர் போல வழிந்து கறை பிடித்திருப்பதைப் பல வீட்டுக் கதவுகளில் பார்க்கலாம். தச்சர் வரும்போது அவர் பையில் இருப்பதைப் போடவிடாமல், ஸ்டீல் திருகை நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள்.

எதுவாக இருந்தாலும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது படிந்திருக்கும் வரை உலோகம் நனைந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்றால், நம் காற்று எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பீரோவை என்ன செய்வது? கீழ்ப்பக்கம் உதிர்கிறது.

தரையைத் துடைக்கும் ஈரமும் சுவரின் ஓதமும் சேர்ந்துதான் அடிப்பாகத்தைத் தின்கின்றன. நான்கு காலுக்கும் கீழே கருங்கல் துண்டோ பலகையோ வைத்து நான்கு விரல் உயரம் தூக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்த பின் எனாமல் இரண்டு கை. இதைப் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள். ஈரக்காற்றில் அடித்த பெயின்ட் தோலாக உரிந்து வரும்.

கேஸ் சிலிண்டருக்கும் இதே கதைதான். டைல்ஸில் அது விடும் பழுப்பு வளையம் போகவே போகாது, அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள்.

சுவரில் உப்புப் பூக்கிறது. மேலே வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். மறைத்தால் அது உள்ளே இருந்தபடியே வேலை செய்யும். ஒரு நாள் பேப்பரும் பூச்சும் சேர்ந்து கையோடு வரும்.

பூப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. உவர்த் தண்ணீரில் கட்டியது, சரியாகக் கழுவாத மணல், தரையிலிருந்து ஏறும் ஓதம். எதுவாக இருந்தாலும் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அது வெளியே வந்து ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீர் போக வழிவிட வேண்டும்.

பலர் கீழே மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி, அதற்கு மேலே நாலாவது அடியில் பூக்கும். எண்ணெய் பெயின்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி, கீழே பேப்பர் விரித்து வாரிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட விடும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, வஜ்ரப் பசையோ கஞ்சியோ சேர்த்து, கொஞ்சம் நீலம் கலந்து, பால் மாதிரி நீர்க்க அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரு கை அடிப்பதைவிட நீர்க்க மூன்று கை அடிப்பது நிற்கும். சில ஊர்களில் ஒட்டுவதற்காக இதில் உப்பு போடுவார்கள், நமக்கு அது கூடாது. நீற்றும்போது கொதிக்கும், தெறிக்கும். பிள்ளைகளை விலக்கிவிட்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச் சுவர் பழசாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் காலை வெயில் அதில் படும்போது பாருங்கள். எந்த விலை உயர்ந்த பெயின்டிலும் அந்த மென்மை வராது. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிக்க வேண்டியிருக்குமே என்றால், ஆமாம், அடிக்கத்தான் வேண்டும். கடலோர வீட்டுக்கு வருஷம் ஒரு முறை கை பட்டாக வேண்டும்.

என்ன நிறம் அடிக்கலாம்?

வெயிலும் கண்கூச்சமும் உள்ள ஊர் இது. வெளிச்சுவருக்கு வெள்ளை, அல்லது வெள்ளையை ஒட்டிய மஞ்சள், நீலம். மொட்டை மாடிக்குக் கண்டிப்பாக வெள்ளை, அதுவே வீட்டுக்குள் சூட்டைக் குறைக்கும். உள்ளே ஒரு சுவருக்கு மட்டும் அழுத்தமான நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால், கடைக்காரர் தரும் அட்டையைப் புரட்டுவதற்கு முன் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்து ஓவியங்களைப் பாருங்கள். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டியவை. அந்தக் காவிச் சிவப்பும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அந்தக் காவி நம் செம்மண் பானைக்கும் பித்தளைக்கும் பனை ஓலைக்கும் அப்படியே பொருந்தும். ஹாலில் ஒரே ஒரு சுவர், இல்லையென்றால் திண்ணைக்குக் கீழே ஒரு பட்டை, அவ்வளவு போதும். நான்கு சுவருக்கும் நான்கு நிறம் அடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாம்பல் நிறம் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. மழை மூட்டத்தில் கார்த்திகை மாதம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் பிடிக்காமல் போகும்.

சின்ன வீடு. ஐந்து பேர் இருக்கிறோம். எங்கே எதை வைப்பது?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்து வீடு 360 சதுர அடி. கடற்கரைக் கிராமங்களில் பல வீடுகள் அந்த அளவுதான், சிலது அதைவிடவும் சின்னது. இந்த வீடுகளுக்குத்தான் ஒழுங்கு அதிகம் தேவை, அழகும் இங்கேதான் சீக்கிரம் தெரியும்.

முதலில் தரையைக் காலி செய்யுங்கள். சின்ன வீட்டில் தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு வீடு பெரிதாகத் தெரியும். மூன்று பேர் உட்காரும் சோபா ஹாலில் பாதியை விழுங்கிவிடும். அதில் ஆள் உட்காருவதைவிடத் துவைத்த துணி உட்காருவதுதான் அதிகம். அதற்குப் பதில் சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு செய்யுங்கள். மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பாய், தலையணை, போர்வை. பகலில் உட்கார, ராத்திரி ஒருவர் படுக்க. முடிந்தால் அடியில் காற்றுப் போக விரலளவு துளைகள் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு இடம். வாசலுக்கு உள்பக்கம் ஐந்து ஸ்டீல் கொக்கி, அதன் கீழே ஐந்து ஓலைப் பெட்டி. பள்ளிக்கூடப் பை, தொப்பி, சாவி, சார்ஜர் எல்லாம் அவரவர் இடத்தில். பிள்ளைகளே அவரவர் பெட்டிக்கு நிறம் தேர்ந்தெடுக்கட்டும். அப்படித் தேர்ந்தெடுத்ததைத்தான் அவர்கள் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது பரண். அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வருஷத்தில் ஒரு முறை, போகிக்கு முன்னால், எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். போன போகியிலிருந்து தொடாத பாத்திரம், ஓடாத மிக்சி, மூடி இல்லாத டப்பா, உடைந்த ஃபேன் இவற்றைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். உப்புக்காற்றில் சும்மா இருக்கும் பொருள் சும்மா இருப்பதில்லை, கெட்டுக்கொண்டிருக்கிறது. என்றைக்காவது உதவும் என்று வைத்த மோட்டார், உதவ வேண்டிய நாளில் சுற்றாது.

சமையலறைத் தட்டில் பல அளவு டப்பாக்களைக் கலந்து அடுக்குவதற்குப் பதில் ஒரே மாதிரி கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக வையுங்கள். ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள், 1,212 தூண்கள். ஒரே வடிவம் அளவு மாறாமல் திரும்பத் திரும்ப வரும்போது கண் தானாகவே அமைதியாகிறது. எட்டு ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி வரிசையாக வைத்தாலும் அதே நிறைவு கிடைக்கும். முண்டு மிளகாயைக் கண்ணாடியில் போட்டு வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள், சமையலறைக்கு அதைவிட நல்ல நிறம் வேண்டாம். நன்றாகக் காய்ந்த மிளகாயாக இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

வலை, கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

தொழில் சாமானை ஒளித்து வைக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். வீட்டின் பக்கவாட்டில் நாலடி அகலத்துக்கு ஒரு சாய்ப்பு இறக்கி, பனங்கை நிறுத்தி, குறுக்கே இரண்டு மூங்கில். வலை தரையில் குவிந்து கிடந்தால் எலி கடிக்கும், நாறும். மூங்கிலில் மடித்துப் போட்டால் காற்றாடும், மறுநாள் எடுக்கவும் சுலபம். ஒழுங்காகத் தொங்கும் நீல வலையும் வரிசையாகக் கோத்த மிதவைகளும் பார்க்கவே லட்சணமாக இருக்கும். ஐஸ் பெட்டியைக் கழுவி, மூடியைத் திறந்து, கவிழ்த்து வையுங்கள். டீசல் கேன் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் வீட்டுக்குள் வேண்டாம்.

ஓலைப் பெட்டி எல்லாம் பழைய காலத்துப் பொருள் ஆயிற்றே?

நம் கரையில் வீட்டை அழகாக்க ஒரே ஒரு பொருளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் பனை ஓலையைத்தான் எடுப்பேன். துருப்பிடிக்காது. கனம் இல்லை. காற்றுப் புகும். வெளியூர்க் கடைகளில் பெரிய விலைக்கு விற்கிறார்கள், நம் வீட்டில் பரணில் கிடக்கிறது.

நல்ல பெட்டி எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். குருத்தோலையில் முடைந்தது வெளிறிய தந்த நிறத்தில், தொட்டால் வழவழப்பாக இருக்கும். சாரோலையில் முடைந்தது பச்சை கலந்து முரடாக இருக்கும். பாரம் தாங்கும், அழகு குறைவு. பெட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அடியில் முடைச்சல் நெருக்கமாக இருந்து ஒளி பொட்டுப் பொட்டாக மட்டும் கசிந்தால் நல்ல கை. வாயோரம் மடித்துக் கட்டிய இடத்தை விரலால் சுற்றித் தடவுங்கள். ஓலை முனை எங்கேயும் குத்தக் கூடாது. ஈர்க்கைச் சரியாக வார்ந்து எடுக்காத ஓலைதான் அந்த இடத்தில் முதலில் பிளக்கும். சாயம் போட்ட பெட்டி என்றால் ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயத்தைக் கொதிக்கவைத்து ஏற்றியிருந்தால் துணியில் ஒட்டாது.

சின்னக் கொட்டானில் பூண்டு, சின்ன வெங்காயம். மூடி போட்ட பெட்டியில் தையல் சாமான், மருந்து மாத்திரை. கடகப் பெட்டியில் அழுக்குத் துணி, இல்லையென்றால் பிள்ளைகளின் பொம்மை. சுளகைச் சுவரில் மாட்டலாம். மூன்று அளவில் மூன்று சுளகு வெள்ளைச் சுவரில் அருகருகே இருந்தால் வேறு படம் தேவையில்லை. எடுத்துப் புடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பயன்படுத்தும் பொருளே அலங்காரமாக இருந்தால் தூசி தட்டும் வேலை மிச்சம்.

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்துக் காலை வெயிலில் வையுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம், ஓலை நொறுங்கும். சாயல்குடி பக்கம் பனைத்தொழில் செய்யும் குடும்பங்களிடம் அளவு சொல்லி முடையச் சொன்னால் உங்கள் அலமாரித் தட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி செய்து தருவார்கள். பேரம் பேசாதீர்கள். ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, முடைவதற்குள் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த விலை குறைவு என்றுதான் தோன்றும்.

கடற்கரை வீடு என்றால் சிப்பி, சங்கு, பவளம் வைக்கலாம்தானே?

பவளத்தைத் தொடாதீர்கள். உயிரோடு இருப்பதை மட்டும் சொல்லவில்லை, கரை ஒதுங்கிய வெள்ளைத் துண்டுக்கும் இதுதான் பதில். பவளப்பாறை, கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவற்றை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். அழகுப் பொருளாக விற்றுக்கொண்டிருந்த நாட்டிலஸ் போன்ற சில சிப்பி வகைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சட்டத்துக்கு அப்பால் ஒரு காரணமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான் நம் பவளப்பாறைகள். 1986-இல் அது தேசியப் பூங்கா ஆனது. ஒரு காலத்தில் கட்டடத்துக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் பாறை பாறையாக வெட்டி எடுத்தார்கள். மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது, கரைக்கு வரும் அலையை உடைத்து அனுப்புவதும் அதுதான். ஷோகேஸில் ஒரு துண்டு வைப்பதற்காக அதை அள்ளக் கூடாது என்று நான் மனசாரச் சொல்கிறேன். பழைய வீடுகளில் தாத்தா காலத்துப் பவளத் துண்டு இருந்தால், விற்க நினைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்படி செய்யுங்கள்.

சாதாரணக் கிளிஞ்சல், மட்டி ஓடு, சமைத்த பின் மிஞ்சும் சிப்பி ஓடு இவை போதும். நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு வெயிலில் காயவையுங்கள். உப்போடு வைத்தால் வைத்த இடம் நசநசக்கும். ஒரு மண் தட்டில் ஒரே வகை ஓடு மட்டும் நிறைத்து வையுங்கள். கலர் கலராகச் சேர்த்து ஒட்டிய சிப்பிக் கண்ணாடி, சிப்பி விளக்கு இவற்றைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட்டுவிடலாம்.

வலம்புரிச் சங்கு என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டால் உஷார். நம் கடல் சங்கு வலம்புரியாக அமைவது மிக அபூர்வம். இயல்பாகவே அந்தப் பக்கம் சுழியும் அமெரிக்கக் கடல் சங்கைக் கொண்டுவந்து அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

திரைத்துணிக்கு எது நல்லது?

பருத்தி. பாலியெஸ்டர் திரை காற்றில் பறந்தால் உப்பும் எண்ணெய்ப் பசையும் ஒட்டிக் கனத்துப்போகும். பருத்தியை மாதம் ஒரு முறை துவைத்து மாட்டலாம். நம் மாவட்டத்திலேயே பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் கைத்தறி நெசவு இருக்கிறது. ஓரம் கிழிந்த பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி, ஜரிகை இல்லாத கரையைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தைத்தால் ஒரு ஜன்னலுக்கு ஆயிற்று. கச்சான் காலத்தில் பறக்காமல் இருக்கக் கீழ் மடிப்புக்குள் சின்னக் கூழாங்கல் வைத்துத் தையுங்கள். திரைக் கம்பி மரமாகவோ மூங்கிலாகவோ இருக்கட்டும், இரும்புக் கம்பி திரையில் துருக்கறை போடும்.

பட்டுப்புடவை, ஆல்பம், பத்திரம்: பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைப்பது?

பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூட்டிவைப்பதுதான் முதல் தவறு. மழைக்காலத்தில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். பட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். நடுவில் வசம்பு போடலாம். துணியில் நேராகப் படாமல் சின்னப் பையில் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறை படியும்.

அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன மூட்டை கரி வையுங்கள். சீமைக்கருவேலங்கரி நம் மாவட்டத்தில் எங்கே பார்த்தாலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வாடையை எடுக்கும், கொஞ்சம் ஈரத்தையும் இழுக்கும். மாதம் ஒரு முறை வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம்.

பத்திரத்தையும் சான்றிதழையும் கவரில் போட்டு, உலர்ந்த நாளில், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாடியறை அலமாரியில், தரையிலிருந்து மார்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் படங்களை இப்போதே ஃபோனில் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

பாட்டி காலத்துப் பீங்கானும் பித்தளையும் நிறைய இருக்கிறது. ஷோகேஸில் இடமில்லை.

கீழக்கரைப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குப் போவதால், தாயும் பாட்டியும் சேர்த்த கோப்பையும் தட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். பெரிய சொத்து அது. எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலமாரியில் நெருக்கினால் எதுவும் கண்ணில் படாது. ஐந்தாறு மட்டும் வெளியே எடுத்து, நடுவில் இடம் விட்டு வையுங்கள். மிச்சத்தைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் மாற்றுங்கள். நாற்பது கோப்பை இருந்தாலும் சில வருஷத்துக்குள் எல்லாம் ஒரு முறை வெளியே வந்துவிடும், வருகிறவர்களும் ஒவ்வொரு தடவையும் "இது எப்போ வாங்கினது?" என்று கேட்பார்கள்.

பித்தளை நம் காற்றில் கறுக்கும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, அப்போதே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று விட்டால் தண்ணீர்ப் பொட்டு விழும். வாரா வாரம் தேய்க்க நேரம் இல்லாதவர்கள் ஒரு குத்துவிளக்கையும் ஒரு குடத்தையும் மட்டும் வெளியே வையுங்கள்.

மரச்சாமான் வாங்குகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

ஆன்லைனில் மலிவாக வரும் அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நம் ஈரத்தில் ஊதி, கீல் பிடிமானம் விட்டுவிடும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகம் கேளுங்கள், வெட்டிய ஓரங்களையெல்லாம் மூடச் சொல்லுங்கள். உள்ளூரில் பூவரசும் வேம்பும் கிடைக்கிறது. பழைய படகு உடைக்கும் இடத்தில் பலகை கிடைத்தால் விடாதீர்கள். கடலில் ஊறி, வெயிலில் காய்ந்து, அதற்கு மேல் கெடாத பலகை அது. ஆணிகளைப் பிடுங்கி, நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, ஒரு பெஞ்சோ வாசல் தட்டோ செய்யலாம். ஒட்டியிருக்கும் பெயின்டை வழித்து எடுக்காமல் அப்படியே விட்டால் அந்த நிறமே தனி.

தண்ணீர்க் குடமும் டிரம்மும் வீட்டு அழகைக் கெடுக்கிறதே?

குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும் என்று தெரியாத ஊரில் குடம் இல்லாமல் முடியாது. ஏழு நிறக் குடங்களைச் சிதறவிடாமல் ஒரே நிறத்தில் வாங்கி, சிமென்ட் திட்டு கட்டி, ஒரே வரிசையில் வையுங்கள். திட்டிலிருந்து சிந்தும் தண்ணீர் ஒரு வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ போகிற மாதிரி சின்ன வாய்க்கால். டிரம்முக்கு மூடி, மூடிக்கு மேல் கொசுவலைத் துணி கட்டாயம்.

செடி எதுவும் பிழைப்பதில்லை.

ரோஜாவை வற்புறுத்தாதீர்கள். காகிதப்பூ, அரளி, நித்தியகல்யாணி, கற்றாழை இவை உப்புக்கும் வெயிலுக்கும் அசராதவை. இடம் இருந்தால் காற்று வரும் பக்கம் புன்னையோ பூவரசோ வையுங்கள், பின்னால் உள்ள செடிகளுக்கு அது மறைப்பு. அரளி விஷம், சின்னப் பிள்ளைகளும் ஆடும் இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள். இலையில் படியும் உப்பை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவினால் பாதிச் செடி பிழைத்துக்கொள்ளும்.

ராமேஸ்வரத்தில் ஓர் அறையை யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். எப்படி அமைக்கலாம்?

வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, சொட்டச் சொட்ட வருவார்கள். அதை மனதில் வைத்தால் போதும். வாசலிலேயே கால் கழுவக் குழாய், ஈரத்துணி போட நீளக் கொடி, உட்கார ஒரு கல் பெஞ்சு, வழுக்காத தரை. அறைக்குள் மெத்தைக்கு மேல் வெள்ளை விரிப்பு, ஒரு மண்பானை, நாலு கொக்கி. டிவியும் செயற்கைப் பூவும் வேண்டாம். நனைந்து வரும் வயசானவருக்கு உட்கார இடமும் உலர்ந்த துண்டும் கிடைத்தால் மறுபடி உங்கள் வீட்டைத்தான் தேடி வருவார்.

மழைக்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைக் காலி செய்யுங்கள். பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, தகரத் துண்டு எல்லாம் புயல் காற்றில் அடுத்த வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், இதில் அலட்சியம் கூடாது. தண்ணீர் இறங்கும் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். வாடை அடிக்கும் பக்கத்து சுவிட்ச் போர்டுகளை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே பச்சை பூத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பாய்களையும் மெத்தைகளையும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுங்கள்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. முதலில் எதற்குச் செலவு செய்வது?

சுண்ணாம்புக்கும் கொக்கிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உள்ள எல்லாவற்றையும் வாசலில் எடுத்துவைத்துச் சுவருக்கு அடியுங்கள். காய்ந்ததும் உண்மையிலேயே தினமும் தேவைப்படுவதை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். தரையில் கிடந்தவற்றுக்குக் கொக்கி அடியுங்கள். வெளியே மிஞ்சியதை யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுங்கள். அதற்கு மேல் பணம் மீதி இருந்தால் இரண்டு ஓலைப் பெட்டி, ஒரு பருத்தித் திரை. சோபாவை அடுத்த வருஷம் யோசிக்கலாம், அதற்குள் வேண்டாம் என்றே முடிவு செய்தாலும் செய்வீர்கள்.